காதுக்குப் பின்னால் வைத்த மை

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேட் ஒன்றுதான். செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஒரே சொந்தக்காரர் கட்டி வாடகைக்கு விட்ட இரண்டு வீடுகள். நடுவில் ஒரு சுவர், பின்பக்கம் பொதுவான துணி துவைக்கும் கல், மேலே பொதுவான மொட்டை மாடி. நாங்கள் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. என் கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். நான் ஊருக்குள் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். காலை பத்து மணிக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வெளியே வர முடியும். மகள் யுகேஜி படிக்கிறாள். ஸ்கூல் வேன் அவளை மூன்றே முக்காலுக்கு கேட்டில் இறக்கிவிடும். அப்போதிலிருந்து நான் வரும்வரை அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பாள்.

இந்த ஏற்பாடு இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. இதை நான் யாரிடமும் இப்படி வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கடையில் மணி மூன்றே முக்கால் ஆகும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். அவர் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் கிறிஸ்தவர்கள், தகரக் கூரை போட்ட ஒரு சிறிய ஜெப வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடையில் போய்வருவார்கள். அக்கா நகை போடுவதில்லை, பூ வைப்பதில்லை, பொட்டு வைப்பதில்லை. ஆனால் என் மகள் வேனிலிருந்து இறங்கியதும் முகம் கழுவிவிடும்போது, அவள் நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, துடைத்த பிறகு திரும்ப நெற்றியில் ஒட்டிவிடுவார். சில நாள் மறந்துபோகும். அதனால் பொட்டே வைக்காத அந்த வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் எப்போதும் மூன்று நான்கு பொட்டுகள் இருக்கும்.

குடிவந்த முதல் கார்த்திகை தீபத்தன்று படையலை முடித்துவிட்டு, அப்பமும் பொரி உருண்டையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். அக்கா தட்டை வாங்கவில்லை.

"படைச்சதுங்களா?"

"ஆமாங்கா."

"தப்பா எடுத்துக்காதீங்க. படைச்சது நாங்க சாப்புடறதில்ல. படைக்கறதுக்கு முன்னாடி எடுத்து வச்சதுன்னா குடுங்க, தாராளமா சாப்புடறோம்."

படைப்பதற்கு முன்னால் எடுத்து வைப்பது எங்கள் வீட்டில் இல்லாத வழக்கம். சாமிக்கு முன்னால் யாருக்கும் கிடையாது, குழந்தைக்குக்கூட ஒரு விள்ளல் கொடுக்க மாட்டோம். தட்டோடு திரும்பி வந்து வெகுநேரம் யோசித்தேன். அவர் மனம் நோகும்படி செய்துவிட்டேனா, அல்லது என் மனம் நொந்திருக்க வேண்டுமா என்பதுகூடத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் மாவில் அப்பம் சுட்டுப் படைத்துவிட்டு, பாத்திரத்தைக் கழுவி, புதிதாக மாவு கரைத்து இரண்டாம் முறை சுட்டேன். அது படைத்ததும் இல்லை, படைப்பதற்கு முன்னால் எடுத்ததும் இல்லை. அக்காவிடம் விளக்கிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க" என்றார். நான் கொடுத்த நான்கு அப்பத்தையும் என் கண்ணெதிரே சாப்பிட்டார்.

அவர் பக்கத்திலிருந்தும் அப்படி ஒன்று இருந்தது. தீபத்தன்று மலையில் ஜோதி தெரியும்வரை எங்கள் ஊரில் வீடுகளில் விளக்கு ஏற்றுவதில்லை. தெரு முழுக்க மொட்டை மாடிகளில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அக்கா வீட்டு வாசல் பல்பும் எரியாது. நாங்கள் அகல் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கி வந்த பிறகுதான் சுவிட்ச் போடும் சத்தம் கேட்கும். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதில்லை. நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கிறிஸ்மஸில் எனக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. எங்கள் தெருமுனையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியில் நட்சத்திரம் தொங்கும். அதற்கு எதிரே உள்ள காபிக் கடையில் வேலை செய்பவர்கள், விபூதி வைத்த நெற்றியில் சிவப்புக் குல்லா போட்டுக்கொள்வார்கள். தெருவிலிருந்த ஒரே கிறிஸ்தவ வீட்டில் மட்டும் ஒன்றும் கிடையாது. அக்காவின் கணவர் அன்றைக்கும் காலையிலேயே ஆட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஸ்கூலில் கிறிஸ்மஸ் விழாவில் ஆடிவிட்டு வந்திருந்த என் மகளுக்கு அது பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, உங்க வீட்ல ஏன் ஸ்டார் கட்டல?"

"பைபிள்ல தேதி போடலடா. அதனால நாங்களும் தேதி வச்சிக்கல."

"அப்ப கேக்?"

"கேக்குக்கு எதுக்கு தேதி? இரு, அங்கிள் வரும்போது வாங்கியாரச் சொல்றேன்."

நான் வாங்கி வைத்திருந்த வாழ்த்து அட்டையை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கிறிஸ்தவர் என்றால் கிறிஸ்மஸ் கொண்டாடுவார் என்று இருபத்தொன்பது வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தது எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செய்வது என்று முடிவு செய்தேன். அப்படித்தான் நடந்துகொள்கிறேன் என்றும் நம்பினேன்.

போன பங்குனியில் அக்காவுக்குப் பையன் பிறந்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து. எல்லோரும் அவனைத் தம்பி என்று கூப்பிட்டோம். அக்கா குளிக்கப் போகும்போதும் துணி காயப்போடப் போகும்போதும் அவனை என் மடியில் போட்டுவிட்டுப் போவார். அவன் முகத்தில் திருஷ்டிப் பொட்டு இருக்காது. இடுப்பில் அரைஞாண் கிடையாது, கையில் கருப்பு வளையல் கிடையாது. எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று இருக்கும் அந்த வெறும் நெற்றியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விரல் துறுதுறுக்கும். நானே கடையில் கைக்குழந்தைக்காரிகளிடம், கண்ணில் மை தீட்டாதீர்கள், ஒரு வயதுக்குள் பாம் தடவாதீர்கள் என்று தினமும் சொல்லுகிறவள்தான். இருந்தாலும் துறுதுறுக்கும்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனம் முடிந்த வாரம் தம்பிக்குச் சளி பிடித்துக் காய்ச்சலும் வந்தது. நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் வந்தது. டாக்டர் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். நான்தான் கடையிலிருந்து வாங்கி வந்து அளவு சொல்லிக் கொடுத்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று அக்காவுக்குத் தைரியமும் சொன்னேன். அக்கா இரண்டு நாளாகத் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. மகள் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். "குடுங்கக்கா, ஒரு மணி நேரம் படுங்க" என்று தம்பியை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்கு முதல் நாள்தான் கோயிலிலிருந்து தீப மை வாங்கி வந்திருந்தேன். மலைமேல் பதினொரு நாள் எரிந்த கொப்பரையிலிருந்து எடுத்த மை அது. ஆருத்ராவன்று நடராஜருக்கு வைத்த பிறகு, நெய்க் காணிக்கை செலுத்தியவர்களுக்குச் சின்னப் பாக்கெட்டில் கொடுப்பார்கள். என் மகள் பிறந்ததிலிருந்து அதை வைக்காமல் அவளை வெளியூர் பஸ்ஸில் ஏற்றியதில்லை. காய்ச்சல் என்றால் மருந்தும் கொடுப்பேன், மையும் வைப்பேன். எதனால் சரியானது என்று யோசிக்க மாட்டேன்.

தம்பி என் மடியில் தூங்கினான். மூச்சு விடும்போது விலா உள்ளே போய் வந்தது. மூச்சை எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. மறுபடி எண்ணினேன். பாக்கெட் பூஜை அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நெற்றியில் வைத்தால் தெரியும். உள்ளங்காலில் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்; ஊரில் கருப்புப் பொட்டைக் காலிலும் வைப்பதுண்டு. ஆனால் சாமிக்கு வைத்த மையைக் காலில் வைக்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அதனால் காதுக்குப் பின்னால், முடி மறைக்கும் இடத்தில், மோதிர விரலால் ஒரு சிறு புள்ளி வைத்தேன். மைக்கு எந்த மரியாதையும் குறையக் கூடாது என்று யோசித்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என்னை நம்பித் தூங்கிக்கொண்டிருந்தவரை யோசிக்கவில்லை. இல்லை, அதுவும் சரியில்லை. யோசித்ததால்தான் மறைவான இடமாகப் பார்த்து வைத்தேன்.

மாலைக்குள் தம்பிக்குக் காய்ச்சல் விட்டது. மருந்து வேலை செய்ய ஆகும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குத்தான் விட்டது.

புதன்கிழமை வேலையிலிருந்து வந்து மகளைக் கூப்பிடப் போனபோது அக்கா கேட்டார்.

"பாப்பாம்மா, தம்பி காதுக்குப் பின்னாடி கருப்பா ஏதோ இருந்துச்சி. தண்ணி வச்சி துடைச்சா போவல, தேங்கா எண்ணெ தொட்டுத்தான் போச்சி. நேத்து மருந்து எதனா தடவினீங்களா?"

அவர் குரலில் சந்தேகமே இல்லை. மருந்து தெரிந்தவள் ஏதோ செய்திருக்கிறாள் என்ற நன்றிதான் இருந்தது. சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் பாதியோடு போயிருக்கும். நான் சொன்னது:

"ஆமாங்கா. மூக்கடைப்புக்கு. பாம் மாதிரி ஒண்ணு."

"சின்னக் குழந்தைக்கு பாம் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இது வேறங்கா. குழந்தைங்களுக்குன்னே வர்றது."

"சரி, அதும் பேரு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நாளைக்கு டாக்டர்கிட்ட திரும்பக் காட்டணும். என்ன குடுத்தீங்க, என்ன தடவினீங்கன்னு ஒவ்வொண்ணா கேக்கறாரு."

எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டு மகளின் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இல்லாத ஒரு மருந்தின் பெயரை ஒரு டாக்டரிடம் சொல்ல ஒரு தாயிடம் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். நான் படித்த படிப்புக்கு அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. மை வைத்ததைக்கூட அந்த நிமிடத்தில் மறந்துவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் கணவருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லிடு" என்றார்.

"சொன்னா பாப்பாவ இனிமே விடாதீங்கன்னுடுவாங்க."

"விடாதீங்கன்னா வேற ஆள் பாப்போம்."

"எங்க பாப்பீங்க? ஓசூர்லேர்ந்து பாப்பீங்களா?"

"நீ பயப்படறதுக்குன்னே தனியா ஒரு ஷிப்ட் போட்டு வச்சிருக்க. சொல்லாம இருந்தா டபுள் ஷிப்ட் ஆயிடும். காலைல போய்ச் சொல்லிடு."

காலையில் மகளை வேனில் ஏற்றிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். தம்பி தூளியில் இருந்தான். அக்கா மிஷினில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை இணைத்துக்கொண்டிருந்தார். சீட்டை வாங்குவதற்குக் கையை நீட்டினார்.

"பாம் இல்லைங்கா. கோயில் தீப மை. நான்தான் வச்சேன்."

மிஷின் நின்றது. நீட்டிய கையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்ப வச்சீங்க? நான் தூங்கிக்கினு இருக்கும்போதா?"

"ஆமாங்கா. மூச்சு இழுத்துச்சி. பயந்துட்டேன்."

"பயப்பட ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

அக்கா ஊசியிலிருந்து துணியை உருவி எடுத்து மடித்தார்.

"போன வருஷம் பாப்பாவுக்கு ஜுரம் வந்துச்சே, நான் உங்க கடைக்கு போன் பண்ணேன். எதுக்குப் பண்ணேன், ஞாபகம் இருக்குதா?"

அவர் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. வேனிலிருந்து இறங்கும்போதே மகளுக்கு உடம்பு சுட்டிருக்கிறது. அக்கா போன் செய்து, மாத்திரை கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, "தலைமேல கை வச்சி ஒரு ஜெபம் பண்ணட்டுங்களா? வேணாம்னா வேணாம்" என்றார். எதிரே ஆட்கள் நின்றிருந்தார்கள். "பண்ணுங்கக்கா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அது ஒரு கேள்வி என்றுகூட அப்போது எனக்குப் படவில்லை.

"நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா பண்ணியிருக்க மாட்டேன். பக்கத்துல உக்காந்து ஈரத் துணி போட்டுக்கினு இருந்திருப்பேன். அவ்ளோதான்."

"தப்புதாங்கா."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? பன்னெண்டு வருஷம் கழிச்சிப் பொறந்தவன். எங்க அம்மா வீட்லயே, கயிறு கட்டு, மை வையின்னு எவ்ளோ பேசினாங்க தெரியுமா? புள்ளைக்கு எதனா ஆனா உன்னாலதான்னாங்க. ஒண்ணும் கட்டாம, ஒண்ணும் வைக்காமத்தான் இவன வளக்கறேன். எங்களுக்கு நம்பிக்கைங்கறதே அதுதான். அத நீங்க ஒரு விரல்ல..."

தம்பி அசைந்தான். அக்கா காலால் தூளியை ஆட்டினார்.

"வச்சதுகூட உங்க பாசம்னு எடுத்துக்கலாம். பாம்னு சொன்னீங்களே, அதான் ஜாஸ்தி கஷ்டமா இருக்குது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். மகளைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று ஆகிவிடும். அது முழுப் பொய்யும் இல்லை. அக்காவே சொன்னார்.

"வேன் வந்தா நான் இறக்கிக்கறேன். கொழந்த என்ன பண்ணுச்சு? நீங்க கெளம்புங்க, கடைக்கு நேரமாவுது."

அன்று மாலை வேலை முடிந்து வந்தபோது மகள் வழக்கம்போல அக்கா வீட்டில் தரையில் உட்கார்ந்து துணித் துண்டுகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவி, பொட்டு ஒட்டியிருந்தது. தம்பிக்கு நெஞ்சு சுத்தமாகிவிட்டதாக டாக்டர் சொன்னார் என்று அக்கா சொன்னார். எல்லாம் அப்படியேதான் இருந்தது. தம்பியை மட்டும் அவர் என்னிடம் தரவில்லை.

அது எனக்கு உடனே புரியவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன். குளிக்கப் போகும்போது தூளியைக் குளியலறைக் கதவுக்கு எதிரே கட்டிக்கொண்டார். மாடிக்குத் துணி கொண்டுபோகும்போது ஒரு இடுப்பில் பக்கெட், ஒரு இடுப்பில் தம்பி. நான் வாசலில்தான் நின்றிருப்பேன். "குடுங்கக்கா" என்று ஒருமுறை கை நீட்டினேன். "பரவால்ல, என்கிட்டயே இருக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே படியேறினார். என் குழந்தையை நான் அவரிடம் தினமும் மூன்று மணி நேரம் விடுகிறேன். அவர் குழந்தையை ஐந்து நிமிடம்கூட என்னிடம் விட அவரால் முடியவில்லை. நியாயம்தான் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் போய்க் கேட்டேன். "அக்கா, படைக்காம உங்களுக்குத் தனியா ஒரு பாத்திரத்துல பொங்கட்டுங்களா? வேணாம்னா வேணாம்."

"இந்த வருஷம் வேணாம் பாப்பாம்மா" என்றார். பிறகு, நான் திரும்புவதற்குள், "கரும்பு வாங்கினீங்கன்னா ஒரு துண்டு குடுங்க. பாப்பாவும் நானும் கடிக்கறோம்" என்றார்.

கரும்பைப் படைக்காமல் தனியாக எடுத்து வைத்தேன். வக்கீலுக்குப் படித்திருக்கலாம் என்று அவர் இந்த முறை சொல்லவில்லை. நானும் விளக்கவில்லை.

மாசி தொடங்கி ஒரு செவ்வாய்க்கிழமை, பின்பக்கக் கல்லில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு இடுப்பில் தம்பியும் ஒரு கையில் நனைந்த கம்பளியுமாக வந்தார். கம்பளி கனம். கொடியில் போட ஒரு கை போதவில்லை. இரண்டு முறை முயன்று பார்த்தார். நான் கையை நீட்டவில்லை. நீட்டிவிடக் கூடாது என்று ஈரப் புடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் புடிங்க" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டு தம்பியை வாங்கினேன். கனத்திருந்தான். அக்கா என்னைப் பார்க்கும்படி கொடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று கம்பளியை விரித்தார். நானும் அவர் கண்ணுக்குத் தெரியும்படி கல்லின் விளிம்பில் உட்கார்ந்து, அவனை அவர் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டேன். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் முந்தானை நுனி காய்ந்துதான் இருந்தது.

"அக்கா, தம்பிக்கு மூக்கு ஒழுவுது. துடைக்கட்டுங்களா?"

கம்பளிக்கு மேலாக அவர் எட்டிப் பார்த்தார்.

"துடைங்க" என்றார்.